ஒரே ஒரு உயிர்

1970களின் கடைசி ஆண்டுகள். கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் இருந்த பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. அதோடு இணைந்த டெர்மினல்களில் பகலெல்லாம் பாடத்துக்கான புரோகிராம்கள் ஓடின. கூட்டம் குறைந்த பிறகு விளையாட்டுகள் ஓடின. மைக்கேல் டாய், க்ளென் விக்மன் என்ற இரண்டு மாணவர்கள் அங்கே 'அட்வென்ச்சர்' விளையாட்டில் மூழ்கிக் கிடந்தார்கள். குகைகளில் இறங்கித் திரிவதில் தீராத ஆசை கொண்ட வில் க்ரவுதர் எழுதியது அது. கென்டக்கியின் மாமத் குகையில் தான் கண்ட வழிகளை அப்படியே எழுத்தாக்கியிருந்தார். பிறகு டான் வுட்ஸ் அதில் மாயங்களையும் புதையல்களையும் சேர்த்திருந்தார். படம் கிடையாது. வடக்கே போ, விளக்கை எடு என்று தட்டச்சு செய்தால் அடுத்து என்ன தெரிகிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும். இருவரும் இரவிரவாக விளையாடி அதை முடித்தார்கள். முடித்த மறுநாள்தான் சிக்கல் தெரிந்தது.

முடித்த விளையாட்டில் மறுபடி இறங்க ஒன்றுமே இல்லை. அதே குகை, அதே இடத்தில் அதே புதையல். சரி, நாமே ஒன்று எழுதுவோம் என்று யோசித்தபோது சிக்கல் இன்னும் பெரிதானது. எழுதுகிறவனுக்கு எல்லா ரகசியமும் முன்பே தெரியும். தன் விளையாட்டைத் தானே விளையாட முடியாது. தன்னைப் படைத்தவரையும் திகைக்க வைக்கும் ஒரு விளையாட்டு சாத்தியமா என்று அந்த இரண்டு மாணவர்களும் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரே ஒரு புதிய பாதாளத்தைக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அறைகள் எங்கே, வழிகள் எங்கே, எந்த மூலையில் எந்தப் பூதம் என்பதெல்லாம் அந்தந்த நேரத்து அதிர்ஷ்டம். ஆனால் அதைத் திரையில் காட்டுவது எப்படி? அன்றைய புரோகிராம்கள் பெரும்பாலும் வரிக்குக் கீழே வரி என்று எழுத்தை அச்சடித்துக்கொண்டே போயின. திரையின் நடுவில் ஓர் எழுத்தை மட்டும் நகர்த்துவது பெரும்பாடு. அதிர்ஷ்டம் பெர்க்லியிலிருந்து வந்தது. அங்கே பில் ஜாய் எழுதிய 'விஐ' எடிட்டரின் திரை நுட்பத்தை எடுத்து, கென் ஆர்னல்ட் என்ற மாணவர் 'கர்சஸ்' என்ற பொதுக் கருவியாக்கியிருந்தார். இனி திரையின் எந்தப் புள்ளியிலும் எழுத்தை வைக்கலாம். டாயும் விக்மனும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். @ என்ற குறி வீரன் ஆனது. A முதல் Z வரை இருபத்தாறு எழுத்துகளும் இருபத்தாறு அரக்கர்கள் ஆயின. பாதாளத்தின் இருபத்தாறாவது தளத்தில் ஒரு தாயத்து; அதை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, மறுபடி மேலே ஏறி உயிரோடு வெளியேற வேண்டும். 1980 வாக்கில் 'ரோக்' பிறந்தது. பிறந்த கொஞ்ச நாளிலேயே அதற்கு ஒரு நோய் வந்தது.

ஒரு ஆட்டம் மணிக்கணக்கில் நீண்டது. வகுப்புக்குப் போக வேண்டும், டெர்மினலை அடுத்தவருக்குத் தர வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லாமல் முடியாது என்பதால் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வசதியைச் சேர்த்தார்கள். அதுவரை நடுங்கிக்கொண்டே படியிறங்கியவர்கள் உடனே ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். சேவ் ஃபைலை ஒரு நகல் எடுத்து வைப்பது. செத்தால் நகலை எடுத்து மறுபடி தொடங்குவது.

இதில் வெறும் ஏமாற்றுவேலை என்பதைத் தாண்டி ஒரு விஷயம் இருந்தது. ரோக்கில் கிடைக்கும் திரவங்களும் சுருள்களும் என்ன செய்யும் என்று முன்கூட்டித் தெரியாது. ஒரு திரவம் காயத்தை ஆற்றும், இன்னொன்று கண்ணைக் குருடாக்கும். குடித்துப் பார்த்தால்தான் தெரியும். நகல் கையில் இருந்தால் எல்லாவற்றையும் குடித்துப் பார்த்து, கெட்டது நடந்தால் திரும்பி வந்து, நல்லதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு நகல் முழு விளையாட்டின் உயிரையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. சேமிப்பை எடுத்துவிட்டால் யாரும் ஆட்டத்தை முடிக்க முடியாது. வைத்திருந்தால் யாரும் பயப்பட மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தது.

சேமித்த ஆட்டத்தைத் திறந்த அந்தக் கணமே சேவ் ஃபைலை அழித்துவிடும்படி எழுதினார்கள். யுனிக்ஸில் ஒரு ஃபைலை நீக்கும் 'அன்லிங்க்' என்ற சின்னக் கட்டளை, அவ்வளவுதான். விளையாடலாம், நிறுத்தலாம், தொடரலாம். செத்தால் மட்டும் திரும்பிப் போக எதுவும் இருக்காது. நகலெடுப்பவர்களைப் பிடிக்க இன்னொரு காவலும் வைத்தார்கள். சேவ் ஃபைலின் உள்ளடக்கம் படிக்க முடியாதபடி குழப்பி எழுதப்பட்டது. அதை யாராவது இடம் மாற்றியிருந்தாலோ, தொட்டிருந்தாலோ, வேறு பெயரில் இணைப்புக் கொடுத்து வைத்திருந்தாலோ ரோக் அதைக் கண்டுபிடித்துத் திறக்க மறுத்தது. செத்தவருக்குத் திரையில் எழுத்துகளால் ஒரு கல்லறை எழும்பியது. அவர் பெயர், சேர்த்த பொன், கொன்றது யார் என்ற விவரம். பொன்னில் பத்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். மீதி அந்தக் கம்ப்யூட்டரின் எல்லோருக்கும் தெரியும் பட்டியலில் ஏறும்.

டாய் பெர்க்லிக்குப் போய்ச் சேர்ந்தார். கர்சஸ் எழுதிய ஆர்னல்டும் ரோக்கில் கைவைத்தார். பெர்க்லி தன் யுனிக்ஸ் தொகுப்பை உலகப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியபோது ரோக்கும் கூடவே போனது. ஆராய்ச்சிக்கூடம் ஆராய்ச்சிக்கூடமாகக் கல்லறைகள் எழுந்தன. அதைப் பார்த்து ஹேக், மோரியா, நெட்ஹேக் என்று ஒரு வம்சமே முளைத்தது. இந்த வெற்றியைக் காசாக்கலாம் என்று டாய் ஒரு கூட்டாளியோடு நிறுவனம் தொடங்கி, ரோக்கை வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டுவந்தார். எபிக்ஸ் நிறுவனம் அதைக் கடைகளுக்கு அனுப்பியது. பல்கலைக்கழகங்களை மயக்கிய ரோக் கடையில் தோற்றது. காரணம், வெளியே உலகம் நேரெதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே உயிர்களின் எண்ணிக்கை மூன்று. ஆர்கேட் இயந்திரங்களில் காசு போட்டால் மூன்று உயிர், தீர்ந்தால் இன்னொரு காசு. வீட்டு விளையாட்டுகளும் அந்தக் கணக்கையே பிடித்துக்கொண்டிருந்தன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இருவர் விண்வெளியில் வணிகம் செய்து பிழைக்கும் ஒரு விளையாட்டை எழுதி தார்ன் இஎம்ஐ நிறுவனத்திடம் கொண்டுபோனபோது, மூன்று உயிர் எங்கே, மதிப்பெண் எங்கே, பத்து நிமிடத்தில் முடிய வேண்டாமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை ஏற்றுக்கொண்டது ஏகார்ன்சாஃப்ட். 1984 செப்டம்பரில் 'எலீட்' வெளிவந்தது.

எலீட்டின் உள்ளே ஒரு மந்திரம் இருந்தது. பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரின் மொத்த நினைவகம் 32 கிலோபைட். அதில் ஆயிரக்கணக்கான கோள்களின் பெயரையும் விலைப்பட்டியலையும் எழுதி வைக்க இடமே இல்லை. ஆகவே எதையும் எழுதி வைக்கவில்லை. ஒரு தொடக்க எண், ஒரு கணக்கு. வாசலில் தினமும் அழிகிற கோலம், புள்ளிக் கணக்கு மனதில் இருப்பதால் மறுநாளும் அதே கோலமாக வருகிறதே, அதுபோல ஒவ்வொரு கோளும் தேவைப்படும் நேரத்தில் புதிதாகக் கணக்கிடப்பட்டு, ஒவ்வொரு முறையும் அச்சுமாறாமல் வந்தது. அந்தக் கணக்கால் கோடிக்கோடி கேலக்ஸிகளைத் தர முடியும். அத்தனை கொடுத்தால் விளையாடுபவருக்குச் சலித்துவிடும், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லை என்பது தெரிந்துவிடும் என்று பதிப்பாளர் தடுத்தார். எட்டு கேலக்ஸிகள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள் என்று நிறுத்திக்கொண்டார்கள். அந்த எச்சரிக்கை எவ்வளவு சரியானது என்பது முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து கில்ட்ஃபர்ட் நகரில் தெரியவந்தது.

அதற்குள் மரணம் மலிந்து போனது. 1986இல் ஜப்பானில் வெளிவந்த 'செல்டா' ஆட்டத்தை வட்டில் சேமித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குப் போன கார்ட்ரிட்ஜில் சேமிப்பைக் காக்க ஒரு பேட்டரியே வைத்திருந்தார்கள். பிறகு ஹார்ட் டிஸ்க் வந்தது, தானாகவே சேமிக்கும் முறை வந்தது. வீரன் செத்த மூன்றாவது நொடியில் அதே இடத்தில் எழுந்து நின்றான். கோடிக்கணக்கானவர்கள் கடைசிவரை விளையாடி மகிழ முடிந்தது இதனால்தான். ஆனால் சாண்டா குரூஸ் மாணவர்களின் அந்த ஒற்றைக் கட்டளையை மறக்காதவர்கள் அங்கங்கே இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் டேவிட் பிரெவிக். ரோக் வம்சத்து விளையாட்டுகளில் ஊறியவர். 1990களின் நடுவில் அவர் தீட்டிய 'டியாப்லோ' திட்டத்தில் எல்லாம் ரோக்கின் பாணி: முறைவைத்து ஆடுவது, செத்தால் ஒரேயடியாகச் சாவது. பணம் போட்ட பிளிஸார்ட் நிறுவனம் முறைவைத்து ஆடுவது வேண்டாம், நேரடிச் சண்டை வேண்டும் என்று வற்புறுத்தியது. மாதக்கணக்கில் வேலை பிடிக்கும் என்று நினைத்த பிரெவிக், ஒரு வெள்ளிக்கிழமை சில மணி நேரத்தில் அதை மாற்றிப் பார்த்து, எலும்புக்கூடு ஒன்றை அடித்து நொறுக்கிய கணத்தில் தானே மனம் மாறினார். நிரந்தர மரணமும் கழன்றுபோனது. போன உயிர் 2000ஆம் ஆண்டு 'டியாப்லோ 2' வழியாகத் திரும்பியது, ஒரு தனிக் கதவின் பின்னால். சாதாரண முறையில் ஒருமுறை விளையாட்டை முடித்தவருக்கு மட்டும் 'ஹார்ட்கோர்' என்ற முறை திறந்தது. அதில் செத்த வீரன் செத்தவன்தான். எதிரி கொன்றாலும் சரி, டெலிபோன் இணைப்பு தடுமாறிக் கொன்றாலும் சரி. விதியாக எல்லோர் மேலும் விழுந்த மரணம், விரும்பியவர் தேர்ந்துகொள்ளும் முறையாக மாறியது அப்போதுதான்.

இரண்டு ஆண்டு கழித்து ஜப்பானின் கேப்காம் இன்னும் ஒரு படி போனது. 'ஸ்டீல் பட்டாலியன்' என்ற இயந்திர வீரர் விளையாட்டுக்கு நாற்பது பொத்தான்கள் கொண்ட ஒரு மேசைப் பலகையையே செய்து விற்றது. அதில் மூடி போட்ட ஒரு பொத்தான், தப்பிக் குதிப்பதற்கு. இயந்திரம் வெடிப்பதற்குள் மூடியைத் திறந்து அதை அழுத்தத் தவறினால் மொத்தச் சேமிப்பும் அழிந்தது. 2011இல் 'மைன்கிராஃப்ட்' முழு வடிவில் வந்தபோது அதிலும் ஒரு ஹார்ட்கோர் முறை இருந்தது. செத்தால் வீரன் மட்டும் போகவில்லை, அவன் மாதக்கணக்கில் கட்டிய உலகமும் போனது. விளையாட்டில் அப்படி ஒரு முறையே இல்லாதபோதும் சிலர் தாங்களே விரதம் எடுத்தார்கள். 2009இல் ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஒருவர் 'ஃபார் க்ரை 2' என்ற திறந்தவெளி விளையாட்டை ஒரே உயிரோடு ஆடுவதென்று முடிவெடுத்து, நடந்ததையெல்லாம் நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதினார். விளையாட்டில் ஒரு வரி மாறவில்லை. அவர் நடக்கும் விதம் மாறிவிட்டிருந்தது.

இனி கில்ட்ஃபர்ட். அயர்லாந்தில் பிறந்து, சிறுவயதில் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஒரு பிரம்மாண்டமான பண்ணையில் சில காலம் வளர்ந்தவர் ஷான் மர்ரி. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லாத நிலம், மேலே மறைக்க ஒரு விளக்கும் இல்லாத வானம். எலீட்டும் அறிவியல் புனைகதைகளும் அந்த வானத்தோடு சேர்ந்து அவருக்குள் பதிந்தன. கில்ட்ஃபர்டில் கிரைட்டீரியன் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, நண்பர்கள் மூவரோடு 'ஹெலோ கேம்ஸ்' தொடங்கினார். முதல் விளையாட்டு 'ஜோ டேஞ்சர்', ஒரு மோட்டார் சைக்கிள் சாகசக்காரனைப் பற்றிய சிரிப்பு விளையாட்டு. அதை முடிக்கப் பணம் போதாமல் மர்ரி தன் வீட்டை விற்றார். 2010இல் வெளிவந்து பிழைத்துக்கொண்டது. அடுத்த பாகமும் வந்தது. இப்படியே இன்னும் எத்தனை ஜோ டேஞ்சர்கள் என்ற கேள்வி அவரை அரித்தது. ஒரு நாள் ஒரு தனி அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அறைக்குள் அவர் எழுதத் தொடங்கியது எலீட்டின் பதிப்பாளர் தடுத்து நிறுத்திய அதே கனவை. எதையும் சேமித்து வைக்காமல், கணக்கிலிருந்தே முளைக்கும் பிரபஞ்சம். இம்முறை பெயரும் விலைப்பட்டியலும் மட்டுமில்லை. மலை, கடல், புயல், மரம், விலங்கு எல்லாம். ஒரு 64 பிட் எண்ணிலிருந்து விரியும் கோள்களின் எண்ணிக்கை 18,446,744,073,709,551,616. கோளுக்கு ஒரு நொடி செலவிட்டாலும் முழுவதையும் பார்த்து முடிக்கச் சுமார் 58,000 கோடி ஆண்டுகள் ஆகும். ஒரு கைப்பிடி ஆட்கள் மட்டும் சேர்ந்து செய்ததை 2013 டிசம்பரில் விஜிஎக்ஸ் விருது விழாவில் காட்டினார்கள். கடலடியிலிருந்து கிளம்பிய காட்சி விண்கலத்தில் ஏறி, மேகத்தைக் கிழித்து, நடுவில் எங்கும் நிற்காமல் விண்வெளிக்குப் போனது. உலகம் வாயடைத்தது. 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற பெயர் ஒரே இரவில் எங்கும் பரவியது. அடுத்து வந்த கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் கில்ட்ஃபர்டில் வெள்ளம் வந்தது.

அலுவலகம் மூழ்கியது. கம்ப்யூட்டர்களும் சாதனங்களும் போயின. வெள்ள அபாயம் உள்ள இடம் என்பதால் காப்பீடும் இல்லை. வேறு எந்தச் சிறு நிறுவனமும் அங்கேயே கதையை முடித்திருக்கும். அவர்கள் கிடைத்த கம்ப்யூட்டர்களை வைத்துத் தொடர்ந்தார்கள். 2014 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் இ3 கண்காட்சியில், சோனியின் பெரிய மேடையில் அந்தச் சின்ன நிறுவனத்தின் விளையாட்டு நின்றது. அதன்பின் எதிர்பார்ப்பு அவர்கள் கையை மீறிப் போனது. பெயரில் 'ஸ்கை' இருந்ததால் ஸ்கை தொலைக்காட்சி நிறுவனத்தோடு சட்டச் சிக்கல் வருடக்கணக்கில் நடந்தது. 2016 ஜூனில் வரவேண்டியது ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனபோது மர்ரிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஆகஸ்ட் 9 அன்று ஒருவழியாக விளையாட்டு வெளியானது. ஸ்டீம் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விளையாடினார்கள். சரிவு அதற்கு அடுத்த படியிலேயே காத்திருந்தது.

முதல் நாளே இரண்டு பேர் ஒரே கோளில் ஒரே இடத்தில் போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் தெரியவில்லை. பேட்டிகளில் சொன்னதும் விளம்பரங்களில் காட்டியதுமான பல விஷயங்கள் விளையாட்டில் இல்லை என்ற புகார்கள் குவிந்தன. பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். பிரிட்டனின் விளம்பர ஒழுங்கு ஆணையம் விசாரணையே தொடங்கியது. நவம்பர் கடைசியில்தான் நிறுவனத்தின் மேல் தவறில்லை என்று தீர்ப்பு வந்தது. வாக்களித்ததற்கும் கொடுத்ததற்கும் இடையே இருந்த பள்ளத்தை எந்தத் தீர்ப்பும் மூடிவிடவில்லை. மக்களின் கோபத்தில் நியாயம் இருந்தது, மிரட்டல்களில் துளியும் இல்லை. செப்டம்பர் முடிவதற்குள் ஸ்டீமில் விளையாடுபவர்களின் கூட்டம் பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. நாள்தோறும் பேசிக்கொண்டிருந்த மர்ரி அடியோடு மௌனமானார்.

புகார்களின் இரைச்சலில் ஒரு குறை மெல்லிய குரலில் ஒலித்தது. அதுவே ஆழமான குறை என்று எனக்குப் படுகிறது. அந்தப் பிரபஞ்சத்தில் எதுவும் பொருட்டாக இல்லை. விஷ மழை பெய்தது, கொதிக்கும் கோள்கள் இருந்தன, உறையும் நிலவுகள் இருந்தன. உடையின் பாதுகாப்பு அளவு குறையக் குறைய எச்சரிக்கை ஒலித்தது. ஆனால் செத்தால் என்ன? பக்கத்தில் எழுந்து, விழுந்த இடத்தில் இருக்கும் கல்லறைக் குறியைத் தேடிப் போய், சிதறிய பொருட்களைப் பொறுக்கிக்கொள்ளலாம். இந்தக் கோள் பிடிக்கவில்லையா, அடுத்தது இருக்கிறது; அதற்கடுத்தும் எண்ணி முடியாதபடி இருக்கின்றன. எலீட்டின் பதிப்பாளர் பயந்தது இதைத்தான். எல்லையில்லாமல் இருந்ததாலேயே எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தது. இன்னும் சில கோடி கோள்களைச் சேர்த்து இதைச் சரிசெய்ய முடியாது. வேறு மருந்து வேண்டும்.

2016 நவம்பர் கடைசி வாரத்தில், மூன்று மாத மௌனத்துக்குப் பின், 'ஃபவுண்டேஷன்' என்ற அப்டேட் வந்தது. வீடு கட்டலாம், பெரிய சரக்குக் கப்பல் வாங்கலாம் என்பவற்றோடு ஒரு புதிய 'சர்வைவல்' முறையும் அதில் இருந்தது. பிரபஞ்சம் அதேதான். எண்களை மட்டும் இறுக்கியிருந்தார்கள். பாதுகாப்பு வேகமாகத் தேய்ந்தது, தாதுக்கள் அரிதாகின, பையில் கொஞ்சமே கொண்டுபோக முடிந்தது. கண் விழிக்கும் இடத்தில் விண்கலம் நிற்கவில்லை. எங்கோ தொலைவில், நிமிடக்கணக்கில் நடந்தால்தான் எட்டும் இடத்தில் கிடந்தது. சாதாரண முறையில் சலிப்பூட்டிய அதே புயல் இப்போது ஓடிப்போய் ஒரு குகையைத் தேட வைத்தது. மாதங்களாக யாரும் எட்டிப் பார்க்காத குகைகள் திடீரென்று அடைக்கலமாயின. ஆனாலும் செத்தவர் திரும்பி வர ஒரு வழி இன்னும் திறந்தே இருந்தது.

2017 மார்ச் 8. 'பாத்ஃபைண்டர்' என்ற அடுத்த அப்டேட். எல்லோர் கண்ணும் அதில் வந்த வண்டிகள் மேல் இருந்தது. கோளின் தரையில் ஓட்டிப் போகும் முதல் வாகனங்கள் அவை. அவற்றோடு, புதிய ஆட்டத்தைத் தொடங்கும் திரையில் இன்னொரு வரியும் சேர்ந்திருந்தது: 'பெர்மாடெத்'. சர்வைவல் முறையின் அத்தனை கடுமையும் அதில் உண்டு. கூடவே ஒரே ஒரு விதி. செத்தால் சேவ் அழியும்.

அதற்காக ஒரு கோளும் புதிதாக உருவாக்கப்படவில்லை. ஒரு விலங்கும் ஒரு மரமும் கூடவில்லை. சாண்டா குரூஸில் ஒரு சேவ் ஃபைலை அழித்த அந்தப் பழைய யோசனை, ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் பயணம் செய்து, எண்ண முடியாத கோள்கள் கொண்ட பிரபஞ்சத்தில் வந்து இறங்கியிருந்தது. பிரபஞ்சம் மறுபடி பெரிதானது. ஒரு மலையைக் கடக்க ஜெட்பேக்கை அழுத்துவதா, சுற்றிக்கொண்டு நடப்பதா என்று நின்று யோசித்தார்கள். 2018இல் வந்த மாற்றங்களில் உடையின் பாதுகாப்புக்கு சோடியமும் மூச்சுக்கு ஆக்சிஜனும் என்றானது. அன்றிலிருந்து மஞ்சளாக மின்னும் சோடியச் செடி ஒன்று தூரத்தில் தெரிந்தால் அது உயிர்ப்பிச்சை. விண்வெளியில் கொள்ளையர்கள் சூழ்ந்தால் சண்டையிடுவதற்கு முன் ஓட முடியுமா என்று பார்த்தார்கள். எதிரியால் சாகாமல், தரைக்குள் புதைந்து விழவைத்த ஒரு புரோகிராம் கோளாறால் செத்து, நூறு மணி நேரத்தை இழந்தவர்களும் உண்டு. அந்த அநியாயத்தைத் தெரிந்தே மறுபடி அதே வரியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கம்ப்யூட்டரில் விளையாடியவர்களில் சிலர் சேவ் இருக்கும் ஃபோல்டரைத் தேடிப் பிடித்து, அதை வேறிடத்தில் நகலெடுத்து வைத்தார்கள். 1980இல் மாணவர்கள் செய்த அதே வேலை. டாயும் விக்மனும் நகலைக் கண்டால் கதவைச் சாத்தியவர்கள். ஹெலோ கேம்ஸ் அப்படிப் பெரிய காவல் எதுவும் போடவில்லை. விதியை மதிப்பதும் மீறுவதும் விளையாடுபவர் கையிலேயே இருந்தது. அது நல்ல முடிவு என்றே எண்ணுகிறேன். தானாகத் தேர்ந்தெடுத்த விரதத்துக்குக் காவல்காரன் தேவைப்படுவதில்லை.

ரோக்கின் வாசனை பிறகு இன்னும் தூக்கலாகவே வீசியது. நோ மேன்ஸ் ஸ்கையில் 2022 மே மாதம் வந்த 'லெவியதன்' என்ற தனிப் பயணத்தில் எல்லோரும் ஒரு காலச் சுழலில் மாட்டிக்கொண்டார்கள். செத்தால் சேர்த்ததெல்லாம் போய், முதலிலிருந்து அடுத்த சுற்று. 2024 மே மாதத்தின் 'அட்ரிஃப்ட்' பயணத்திலோ வணிகர்கள் இல்லை, வேற்றுக்கிரகவாசிகள் இல்லை, வாங்க விற்க ஓர் இடமும் இல்லை. கைவிடப்பட்ட பிரபஞ்சத்தில் தனியாகப் பிழைக்க வேண்டும். ஒரு காலத்தில் வெறுத்து ஒதுங்கிய கூட்டம் இந்த ஒவ்வொரு கடுமைக்கும் திரும்பி வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஸ்டீமில் மொத்த மதிப்பீடும் 'மிகவும் நல்லது' என்ற நிலைக்கு ஏறிவிட்டது.

பெர்மாடெத் முறைக்கென்று ஒரு விருதும் உண்டு. கேலக்ஸியின் விளிம்பிலிருந்து புறப்பட்டு, ஒருமுறைகூடச் சாகாமல், அதன் நடுமையத்தைத் தொட்டவருக்கு மட்டும். நோ மேன்ஸ் ஸ்கையின் விருதுகளுக்கு அறிவியல் புனைகதைகளின் தலைப்புகளைச் சூட்டுவது வழக்கம். இதற்கு ஜாக் வான்ஸ் 1956இல் எழுதிய 'டு லிவ் ஃபாரெவர்' நாவலின் தலைப்பு. என்றென்றும் வாழ்வது. அந்த எழுத்துகள் திரையில் தோன்றி மறைவதற்குள் மையம் அவரைத் தூக்கி வீசும். கண் திறந்தால் வேறொரு கேலக்ஸி, முன்பின் பார்த்திராத ஒரு கோள். உடையின் கருவிகளும் விண்கலமும் பழுதாகிக் கிடக்கும். சேவ் ஃபைல் மட்டும் அதே ஃபைல்; உயிரும் அதே ஒன்று. ரோக்கில் தாயத்தை எடுத்தவருக்கு இருபத்தாறு தளங்கள் மேலேறும் வேலை பாக்கி இருந்தது. இவருக்கு முதல் வேலை, பாதுகாப்பு அளவு தீர்வதற்குள் பக்கத்தில் சோடியம் எங்கே இருக்கிறது என்று தேடுவது.